கார்டு மூலையில் ஒரு பேர்

போன வருஷம் எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்காக ஒரு கார்டு கேம் ரெடி பண்ணினோம். டிரம்ப் கார்டு மாதிரிதான், ஆனா ஆளுங்களுக்குப் பதிலா எலக்ட்ரானிக் காம்பொனென்ட்ஸ். ரெசிஸ்டருக்கு ஒரு சிடுமூஞ்சி, கெப்பாசிட்டருக்குத் தொப்பை, ஃபியூஸுக்கு எப்பப் பார்த்தாலும் கோபம். மொத்தம் 40 கார்டு. நாற்பதையும் வரைஞ்சது செகண்ட் இயர் படிச்ச ஒரு பொண்ணு. மூணு வாரம், ஹாஸ்டல் ரூம்ல உட்கார்ந்து, பெரும்பாலும் ராத்திரி பத்து மணிக்கு மேல வரைஞ்சா.

சிவகாசியில பிரிண்ட் போட்டு 100 செட் வந்து இறங்குச்சு. பெட்டி மேல டிபார்ட்மென்ட் பேரு இருந்துச்சு, சிம்போசியம் பேரு இருந்துச்சு, ஸ்பான்சர் பண்ணின கடையோட லோகோ பெருசா இருந்துச்சு. வரைஞ்சவ பேரு மட்டும் எங்கயும் இல்லை. ஃபைலை முடிச்சு பிரஸ்ஸுக்கு அனுப்பினது நான்தான்.

ஒரு செட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்துட்டு, "நல்லா வந்திருக்குண்ணா"ன்னா. கொஞ்ச நேரம் கழிச்சு, "மூலையில சின்னதா என் பேரைப் போட்டிருக்கலாம்லண்ணா?"ன்னு கேட்டா.

"கார்டுல எல்லாம் யாரும்மா பேர் போடுவாங்க?"ன்னு சொல்லிட்டு ஸ்டேஜ் வேலையைப் பார்க்கப் போயிட்டேன்.

சிம்போசியம் முடிஞ்சும் அந்தக் கேள்வி மண்டைக்குள்ளேயே ஓடிட்டு இருந்துச்சு. நிஜமாவே கார்டுல யாரும் பேர் போட மாட்டாங்களா? தேட ஆரம்பிச்சேன். கார்டு கம்பெனிகள்ல வேலை பார்த்தவங்க பிற்காலத்தில் எழுதின முன்னுரைகள், கொடுத்த பேட்டிகள், சொன்ன ஞாபகங்கள்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு படிச்சேன். நான் சொன்ன பதில் எவ்வளவு தப்புன்னும், அந்தத் தப்பு எவ்வளவு பழசுன்னும் தெரிஞ்சுது. அதைத்தான் இந்தக் கட்டுரையில உங்களுக்குச் சொல்லப் போறேன்.

முதல்ல, டிரேடிங் கார்டுன்னா என்ன?

சேர்த்து வைக்க, நண்பர்களோட மாத்திக்க, சில சமயம் ஆடவும் செய்யற சின்ன அச்சட்டைதான் டிரேடிங் கார்டு. 90ஸ் கிட்ஸ் அண்ணன்மார்கிட்ட கேட்டுப் பாருங்க. டபிள்யூ டபிள்யூ எஃப் டிரம்ப் கார்டுன்னு சொன்னாலே முகம் மலரும். ரேங்க், ஹைட், வெயிட், செஸ்ட், பைசெப்ஸ்னு மல்யுத்த வீரர்களோட ஜாதகமே அதுல இருக்கும். 2010-களில் ஐ.பி.எல். வீரர்கள் படத்தோட கிரிக்கெட் அட்டாக்ஸ் கார்டு வந்துச்சு. நம்மள்ல நிறைய பேர் பாக்கெட் மணியை அதுலதான் கரைச்சோம்.

அதுக்கும் முந்தின தலைமுறைக்கு இருந்தது தீப்பெட்டிப் படம். எங்க அப்பாவுக்குச் சொந்த ஊர் வேடசந்தூர் பக்கம். தரையில வட்டம் போட்டு, நடுவுல ஆளுக்கு இத்தனை படம்னு அடுக்கி வெச்சு, தட்டையான கல்லால அடிப்பாங்களாம். வட்டத்தை விட்டு வெளியே போற படம் அடிச்சவனுக்குச் சொந்தம். எந்தப் படம் அரிதோ அதுக்கு மதிப்பு அதிகம். "ஒரு படத்துக்கு அஞ்சு படம் கேட்பானுங்க"ன்னு அப்பா சொல்வார். சேர்க்கறது, மாத்தறது, அரிதானதுக்கு விலை ஏறுறது எல்லாமே அதுல இருக்கு. உலகத்துல டிரேடிங் கார்டு வியாபாரம் நடக்கறதும் இதே விதியிலதான்.

மேல்நாட்டுல இது புகையிலையில இருந்து பிறந்துச்சு. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில சிகரெட் பாக்கெட் மெல்லிசா இருந்ததால உள்ளே இருக்கிற சிகரெட் நசுங்கும். நசுங்காம இருக்க ஒரு கெட்டி அட்டையைச் செருகினாங்க. வெறும் அட்டை எதுக்குன்னு அதுல நடிகைகள், விளையாட்டு வீரர்கள், பறவைகள், கொடிகள்னு படம் அச்சடிச்சாங்க. அப்பா சிகரெட் வாங்குவார், பையன் அட்டையை எடுத்துக்குவான். புகையிலையும் சுருட்டும் திண்டுக்கல்காரங்களுக்குப் புதுசு இல்லை. ஸ்பென்சர் கம்பெனியோட சுருட்டுத் தொழிற்சாலை நம்ம ஊர்லதான் இருந்துச்சு. சரக்கை விற்கறதுல படத்துக்கும் லேபிளுக்கும் எவ்வளவு பங்குன்னு இந்த ஊர் வியாபாரிகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அப்புறம் அமெரிக்காவுல புகையிலையோட இடத்தைப் பபிள்கம் பிடிச்சுது. நான் படிச்ச ஞாபகக் கதைகள்ல பாதிக்கு மேல ஒரே கம்பெனியைச் சுத்தித்தான் வருது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில 1938-ல் ஆரம்பிச்ச டாப்ஸ்.

சமையலறை மேசையில் ஒரு டிசைன்

சை பெர்கர் 1947-ல் டாப்ஸில் சேர்ந்தார். 1951-ன் இலையுதிர் காலத்தில் தன் வீட்டுச் சமையலறை மேசையில உட்கார்ந்து, உடன் வேலை பார்த்த வுடி கெல்மனோட சேர்ந்து ஒரு பேஸ்பால் கார்டு வடிவமைச்சார். முன்பக்கம் வீரரோட படம், அணியோட சின்னம், கையெழுத்து. பின்பக்கம் போன வருஷ ஆட்டக் கணக்கும் மொத்த ஆட்டக் கணக்கும். இன்னைக்கு இதெல்லாம் சாதாரணம். அன்னைக்கு இப்படி எல்லாத்தையும் ஒரே அட்டையில அழகா அடுக்கினது பெரிய விஷயம். ஒரு பையன் அந்த அட்டையைத் திருப்பினா, அந்த வீரரைப் பத்தி ஃப்ரெண்ட்ஸோட சண்டை போடத் தேவையான டேட்டா மொத்தமும் கையில கிடைச்சிடும். இதை அருமையான யூசர் இன்டர்ஃபேஸ்னு சொன்னா நம்ம ஐ.டி. டிபார்ட்மென்ட் ஆளுங்க ஒத்துக்குவாங்கன்னு நினைக்கறேன்.

1952-ல் 407 கார்டு வெளிவந்துச்சு. கடைசி வரிசை கார்டுகள் கடைக்கு வந்தப்போ பேஸ்பால் சீசனே முடியப் போகுது, வாங்க ஆள் இல்லை. மிச்சம் வருஷக்கணக்கா கோடவுன்ல கிடந்துச்சு. ஒரு காசுக்குப் பத்துன்னு கூவியும் போகலைன்னு பெர்கர் பின்னாடி பேட்டிகள்ல சொல்லியிருக்கார். கடைசியில 1960-ல், இடத்தைக் காலி பண்றதுக்காக, குப்பைப் படகுல ஏத்திக்கிட்டுப் போய் அட்லாண்டிக் கடல்ல கொட்டிட்டாங்க. கொட்டினப்போ படகுல அவரும் இருந்தார்.

அந்த வரிசையில இருந்த 311-ஆம் நம்பர் கார்டு மிக்கி மேன்டில் என்கிற வீரரோடது. கடல்ல போகாம தப்பிச்ச ஒண்ணு, 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போச்சு. பெர்கர் அதைப் பார்க்க இல்லை. 2014-லேயே இறந்துட்டார். இருந்திருந்தாலும் அதுல ஒரு சென்ட் அவருக்கு வந்திருக்காது. அவர் மாசச் சம்பளக்காரர், டிசைன் கம்பெனியோட சொத்து.

55 கார்டு, பேர் இல்லாத நாலு பேர்

வுடி கெல்மனை ஞாபகம் வெச்சுக்கோங்க. டாப்ஸில் புதுப் பொருள் யோசிக்கிற பிரிவை நடத்தினது அவர்தான். அந்தப் பிரிவுல 1959-ல், 18 வயசுல, லென் பிரவுன்னு ஒரு பையன் வந்து சேர்ந்தார். காமிக்ஸ் பைத்தியம். நாற்பது வருஷம் அங்கேயே இருந்தார்.

1962-ல் இவங்க வெளியிட்டது மார்ஸ் அட்டாக்ஸ். செவ்வாய் கிரகத்துல இருந்து படை வந்து பூமியை அழிக்கிற கதையை 55 கார்டுல சொல்லணும். ஒரு கார்டு எப்படி உருவாச்சுன்னு இவங்க சொன்னதை எல்லாம் சேர்த்துப் பார்த்தா நமக்கு ஒரு புராசஸ் ஃப்ளோ கிடைக்குது. கெல்மனும் பிரவுனும் உட்கார்ந்து கதையைத் துண்டு துண்டா யோசிப்பாங்க. வாலி வுட் என்கிற காமிக்ஸ் ஓவியர் ஆரம்ப ஸ்கெட்ச் போட்டார். பாப் பவல் அதைப் பென்சில்ல முழுசாக்கினார். நார்மன் சாண்டர்ஸ் வண்ணம் தீட்டினார். பின்பக்கக் கதை வரிகளை எழுதினது பிரவுன். ஓவியங்கள் எல்லாம் போஸ்ட்கார்டு அளவுக்குள்ளதான். அவ்வளவு சின்ன இடத்துல எரியற ஊரு, ஓடற ஜனம், பறக்கற தட்டு எல்லாம் வரணும். கையில எடுத்த ஒரு நொடியில என்ன நடக்குதுன்னு பையனுக்குப் புரியணும்.

ரத்தமும் கொடூரமும் ஓவர்னு பெற்றோர்கள் கொதிச்செழுந்தாங்க. தயாரிப்பு நின்னு போச்சு. சுவாரசியம் என்னன்னா, அந்தக் கார்டுல வரைஞ்சவங்க பேரும் இல்லை, எழுதினவர் பேரும் இல்லை, டாப்ஸ் பேரே இல்லை! பப்பிள்ஸ் இன்க்னு வேற ஒரு பேரைப் போட்டிருந்தாங்க. வம்பு வந்தா ஒதுங்கிக்கக் கம்பெனிக்கு ஒரு வழி இருந்துச்சு. 1996-ல் டிம் பர்டன் அதை ஹாலிவுட் படமாகவே எடுத்தார். அந்தக் கார்டுகளை உண்டாக்கின ஆட்கள் யார் யார்னு பின்னாடி வெளியே தெரிஞ்சதுக்கு, லென் பிரவுன் மாதிரி உள்ளே இருந்தவங்க உட்கார்ந்து சொன்னதும், அதை ரசிகர்கள் கேட்டுக் கேட்டு எழுதி வெச்சதும்தான் காரணம்.

இருபது வருஷமா ஒரே கேள்வி

படிச்சதுல என்னை ரொம்ப நேரம் உட்கார வெச்சது ஆர்ட் ஸ்பீகல்மேன் கதை. காமிக்ஸ் படிக்கிறவங்களுக்கு இவரை 'மவுஸ்' ஆசிரியரா தெரியும். நாஜிகளோட யூதப் படுகொலையில தப்பிச்ச தன் அப்பாவோட கதையை எலிகளும் பூனைகளுமா வரைஞ்சவர். 1992-ல் அதுக்குப் புலிட்சர் சிறப்பு விருது கிடைச்சுது. அவருக்குச் சோறு போட்டது எதுன்னு நினைக்கறீங்க? பபிள்கம் கார்டு.

18 வயசுல டாப்ஸுக்கு வேலை பார்க்க ஆரம்பிச்சார். வேக்கி பேக்கேஜஸ்னு ஒரு ஸ்டிக்கர் வரிசை. கடையில விற்கிற பிரபலமான பொருட்களோட லேபிளை அப்படியே கிண்டல் பண்றது. நம்ம மீம் பேஜ்ல சோப்பு விளம்பரத்தை ஓட்டுவோமே, அதே வேலையை 1960-களிலேயே பெயின்ட்ல பண்ணியிருக்காங்க. 1973-ல் இருந்து ரெண்டு மூணு வருஷம் டாப்ஸோட பேஸ்பால் கார்டையே விற்பனையில முந்துற அளவுக்கு ஓடுச்சு. அடுத்து 1985-ல் கார்பேஜ் பெயில் கிட்ஸ். அப்போ பிரபலமா இருந்த கேபேஜ் பேட்ச் பொம்மைகளைக் கேலி பண்ணி, மூக்கு ஒழுகுற, வாந்தி எடுக்கிற குட்டிப் பசங்க படம். பொம்மைக் கம்பெனி வழக்கே போட்டுச்சு. பள்ளிக்கூடங்கள் தடை பண்ணின அளவுக்குப் பசங்க வாங்கித் தள்ளினாங்க. முதல் வரிசை முழுக்க வண்ணம் தீட்டினவர் ஜான் பவுண்ட். அடுத்த வருஷமே, 1986-ல், 'மவுஸ்' முதல் பாகம் வெளிவந்துச்சு. ஒரே ஆள், ஒரே காலகட்டம்.

இந்தக் கார்டுகள்லயும் கலைஞர்கள் பேர் இல்லை. எவ்வளவு வித்தாலும் பேசின கூலிக்கு மேல பைசா இல்லை. காமிக்ஸ் உலகத்துல மார்வெலும் டிசியும் கலைஞர்களுக்கு லாபத்துல கொஞ்சமாவது பங்கு தர ஆரம்பிச்சிருந்த நேரம் அது. ஸ்பீகல்மேன் டாப்ஸ்கிட்ட இருபது வருஷமா அதே கேள்வியைக் கேட்டுக்கிட்டே இருந்தார். பதில் கடைசிவரைக்கும் இல்லைன்னுதான். வருஷக்கணக்கா சேர்ந்திருந்த அசல் ஓவியங்களை 1989-ல் டாப்ஸ் ஏலத்துல வித்தது. பணம் கம்பெனிக்குப் போச்சு, வரைஞ்சவங்களுக்கு இல்லை. அந்த வருஷம் அவர் அங்கிருந்து வெளியேறினார்.

இதுக்கப்புறம் நடந்ததையும் சொல்லணும். 2008-ல் வேக்கி பேக்கேஜஸ் படங்கள் ஒரு அழகான கெட்டி அட்டைப் புத்தகமா வந்துச்சு. முன்னுரை எழுதினவர் ஸ்பீகல்மேன். 2012-ல் கார்பேஜ் பெயில் கிட்ஸ் புத்தகம். அதுக்கும் அவரே முன்னுரை, பின்னுரை ஜான் பவுண்ட். கோபம் இருந்தும் ஏன் எழுதினார்? அந்த முன்னுரைகள்ல அவர் பெரும்பாலும் செய்யறது, கூட வேலை பார்த்தவங்க பேரைச் சொல்றதுதான். இந்த ஐடியா யாரோடது, இதை வரைஞ்சது யார், வண்ணம் யார்னு ஒவ்வொண்ணா சொல்றார். கார்டு மூலையில வந்திருக்க வேண்டிய பேர், முப்பது நாற்பது வருஷம் தாமதமா ஒரு முன்னுரையில வந்து சேர்ந்துச்சு. கார்டுத் தொழில்ல இருந்தவங்க நினைவுகளை எழுதறதுக்குப் பெரிய காரணமே இதுதான்னு எனக்குப் படுது. படத்தை லட்சக்கணக்கான பேர் பத்திரமா வெச்சிருக்காங்க. வரைஞ்சவங்களை யாராவது எழுதி வெச்சாத்தான் உண்டு.

பேர் போட்ட கார்டுகள்

1993-ல் நிலைமை மாறுச்சு. ரிச்சர்ட் கார்ஃபீல்ட்னு ஒரு கணித ஆராய்ச்சியாளர் மேஜிக்: த கேதரிங் விளையாட்டை உருவாக்கினார். வெளியிட்ட விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் அப்போ கையில காசு இல்லாத சின்னக் கம்பெனி. ஆர்ட் டைரக்டர் ஜெஸ்பர் மிர்ஃபோர்ஸ், சியாட்டில்ல தன்னோட ஆர்ட் காலேஜ்ல படிச்ச பசங்களைப் பிடிச்சு வரைய வெச்சார். நம்ம மாதிரி ஸ்டூடன்ட்ஸ்! ஆனா முதல் பதிப்புல இருந்தே ஒவ்வொரு கார்டோட அடியிலும் ஓவியர் பேர் இருந்துச்சு.

அந்த ஒத்தை வரி என்ன செஞ்சுது தெரியுமா? ஆடறவங்களுக்கு ஓவியர்களைப் பேர் சொல்லித் தெரிய ஆரம்பிச்சுது. இந்தக் கார்டை வரைஞ்சவர் வேற எதை வரைஞ்சிருக்கார்னு தேடினாங்க. போட்டிகளுக்கு ஓவியர்களை அழைச்சாங்க. வரிசையில நின்னு கார்டுல கையெழுத்து வாங்கினாங்க. அசல் ஓவியம் வரைஞ்சவர்கிட்டயே இருந்ததால அதை வித்துக் காசு பார்க்க முடிஞ்சுது. பின்பக்கம் வெள்ளையா விட்டு ஓவியருக்குன்னு கொஞ்சம் கார்டு தனியா அச்சடிச்சுக் கொடுப்பாங்க. அந்த வெள்ளைப் பக்கத்துல படம் போட்டு விக்கறது இன்னைக்கும் பல ஓவியர்களுக்கு ஒரு வருமானம்.

1996-ல் ஜப்பானில் வந்த போகிமான் கார்டுலயும் ஓவியர் பேர் உண்டு. பழைய சாரிசார்ட் கார்டோட அடியில பாருங்க, மிட்சுஹிரோ அரிட்டான்னு இருக்கும். அதைவிட முக்கியமா ஒண்ணு. ஒரு ஜப்பானிய காமிக்ஸ் இதழ் நடத்தின ஓவியப் போட்டியில ஜெயிச்ச பசங்களுக்குப் பரிசாக் கொடுக்க மட்டுமே ஒரு பிகாச்சு கார்டு அச்சடிச்சாங்க. அதோட தலைப்பே இல்லஸ்ட்ரேட்டர். கடையில விற்காத அந்தக் கார்டுல ஒண்ணு 2021-ல் 52 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குக் கைமாறுச்சு. 'நீ நல்லா வரைஞ்சே'ன்னு சொல்லிக் கொடுத்த அட்டைக்கு அந்த விலை.

ஆக, "கார்டுல யாரும் பேர் போட மாட்டாங்க"ன்னு நான் சொன்னது சுத்தப் பொய். போடறவங்க முப்பது வருஷத்துக்கு மேலா போட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க.

நம்ம பக்கத்துக் கதை

எங்க கார்டு அச்சான ஊருக்கே வருவோம். திண்டுக்கல்ல பஸ் ஏறி மதுரை மாறினா சிவகாசி. 1922-ல் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு வந்த கதை நமக்குத் தெரியும். தீப்பெட்டின்னா லேபிள் வேணும். லேபிள்னா அச்சகம் வேணும், அச்சகத்துக்கு ஓவியர் வேணும். அந்தக் கால லித்தோ முறையில ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியா அச்சுப் பரப்பு தயார் பண்ணணும். மஞ்சள் எங்கே, சிவப்பு எங்கே, நீலம் எங்கேன்னு படத்தை மனசுக்குள்ளேயே பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்சவர்தான் அந்த வேலையைச் செய்ய முடியும். ஃபோட்டோஷாப்ல நாம ஒரு கிளிக்ல பார்க்கிற சி.எம்.ஒய்.கே. சேனலை அவங்க கண்ணால பார்த்தாங்க.

பக்கத்துக் கோவில்பட்டியில கொண்டையராஜு இருந்தார். 1898-ல் பிறந்தவர். சென்னை அரசு ஓவியப் பள்ளியில படிச்சுட்டு, கொஞ்ச காலம் திருவண்ணாமலையில ரமணர் ஆசிரமத்துல இருந்துட்டு, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைஞ்சார். 1940-களில் கோவில்பட்டியிலேயே தங்கிட்டார். அவரும் சுப்பையா, ராமலிங்கம் மாதிரி அவரோட சீடர்களும் வரைஞ்ச சாமி படங்கள் சிவகாசி காலண்டர்ல அச்சாகித் தமிழ்நாட்டு வீடு, கடை எல்லாத்துலயும் தொங்குச்சு. உங்க தாத்தா வீட்டுப் பழைய காலண்டர் படத்தோட ஓரத்தைப் பாருங்க. கையெழுத்து இருக்க வாய்ப்பு உண்டு. குருவோட பேரோடு சீடர் பேரையும் சேர்த்துப் போட்ட படங்களும் இருக்கு. அந்தக் கையெழுத்து இருந்ததாலதான் 1976-ல் அவர் இறந்த பிறகும் அவரைத் தேடி ஆராய்ச்சியாளர்கள் வந்தாங்க. ஸ்டீபன் இங்கிலிஸ் என்கிற கனடா நாட்டு மானிடவியலாளர் அவரைப் பத்தி எழுதினார்.

தீப்பெட்டிப் படத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. எங்க அப்பா இன்னும் ஒரு பழைய நோட்டுல அம்பது அறுபது படம் ஒட்டி வெச்சிருக்கார். யானை, கிளி, சாவி, தாமரைன்னு இருக்கு. ஒவ்வொண்ணுலயும் கம்பெனி பேரு, ஊர் பேரு, எத்தனை குச்சின்னு கணக்கு இருக்கு. வரைஞ்சவர் பேரு ஒண்ணுலகூட இல்லை. லென்ஸ் வெச்சே பார்த்துட்டேன். அந்த ஓவியர்கள்ல சிலர் இன்னைக்கும் சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி பக்கம் எண்பது வயசுல திண்ணையில உட்கார்ந்திருக்கலாம். அவங்களுக்கு முன்னுரை எழுத ஸ்பீகல்மேன் வர மாட்டார். நாமதான் போய்க் கேட்கணும்.

சட்டம் என்ன சொல்லுது?

டிசைன், கேம் ஆர்ட், யூஐ, போஸ்டர்னு ஏதோ ஒண்ணு நம்மள்ல பல பேர் பண்றோம், ஃப்ரீலான்ஸும் எடுக்கறோம். அதனால இதைத் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. இந்தியாவில் 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் இருக்கு. அதுல மூணு பிரிவு நமக்கு முக்கியம்.

முதலாவது, பிரிவு 17. பொதுவா படைச்சவர்தான் முதல் உரிமையாளர். ஆனா ஒரு கம்பெனியில வேலைக்குச் சேர்ந்து அந்த வேலையின் பகுதியா வரைஞ்சா, வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல உரிமை கம்பெனிக்கு. காசு கொடுத்து ஒருத்தர் கேட்டு நீங்க வரைஞ்ச பெயின்டிங், போர்ட்ரெய்ட்டுக்கும் அப்படித்தான், உரிமை கேட்டவருக்கு. வேற மாதிரி வேணும்னா முன்கூட்டியே எழுதிக்கணும்.

ரெண்டாவது, பிரிவு 19. உரிமையை இன்னொருத்தருக்கு மாத்திக் கொடுக்கறது எழுத்துல, கையெழுத்தோட இருக்கணும். எத்தனை வருஷம்னு எழுதலைன்னா 5 வருஷம்னுதான் அர்த்தம். எந்த இடத்துக்குன்னு எழுதலைன்னா இந்தியாவுக்கு மட்டும்.

மூணாவது, பிரிவு 57. இதைப் படிச்சப்போ எனக்குக் கொஞ்சம் வெட்கமாவே இருந்துச்சு. பதிப்புரிமையை முழுசா வித்துட்டாலும், 'இதைப் படைச்சது நான்'னு உரிமை கோர்றது படைச்சவர்கிட்டயே இருக்கும். தன் பேருக்குக் களங்கம் வர்ற மாதிரி படைப்பைச் சிதைச்சா எதிர்க்கவும் உரிமை உண்டு. அமெரிக்காவில் சம்பளத்துக்குச் செஞ்ச வேலைன்னா, சட்டப்படி கம்பெனியே படைப்பாளி ஆயிடும். நம்ம சட்டம் அந்த விஷயத்துல கலைஞர் பக்கம் கொஞ்சம் கூடவே நிக்குது.

இப்போ எங்க கார்டுக்கு வாங்க. அந்தப் பொண்ணு டிபார்ட்மென்ட்ல வேலை பார்க்கலை. யாரும் அவளுக்குக் காசு கொடுக்கலை. எதையும் எழுதியும் வாங்கலை. அப்போ அந்த 40 படத்துக்கும் உரிமையாளர் அவதான். நான் பேர் போடாம விட்டது பெருந்தன்மை இல்லாத செயல் மட்டும் இல்லை, அவளோட உரிமையை மறந்த செயலும்கூட.

செய்ய வேண்டியது ரொம்ப சிம்பிள்

அடுத்த சிம்போசியத்துக்கு, காலேஜ் மேகசினுக்கு, ஸ்டார்ட்அப் கேமுக்கு ஏதாவது வரையறீங்கன்னா:

வேலை ஆரம்பிக்கும் முன்னாடியே, "என் பேர் எங்கே வரும்?"னு கேளுங்க. முடிஞ்சப்புறம் கேட்டா, "ஃபைல் அனுப்பிட்டோமே"ன்னு என்னை மாதிரி ஒருத்தன் சொல்வான்.

பேசினதை ஒரு மெயில்லயாவது எழுதி வாங்குங்க. எத்தனை படம், எதுக்குப் பயன்படுத்துவாங்க, எவ்வளவு காசு, பேர் எங்கே வரும்னு நாலு வரி போதும்.

லேயர் ஃபைல், கை ஸ்கெட்ச் எல்லாத்தையும் தேதியோட பத்திரமா வைங்க. அசல் உங்ககிட்ட இருக்கட்டும்.

டிசைன் பண்றவங்களுக்கு ஒரு கணக்கு. இன்னைக்கு மேஜிக், போகிமான் கார்டெல்லாம் அகலம் 63, உயரம் 88 மில்லிமீட்டர். 300 டி.பி.ஐ.யில 744-க்கு 1039 பிக்சல். வெட்டறதுக்கு நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலா விடணும். இதுல பேருக்கு எவ்வளவு இடம் வேணும்? ஆறு பாயின்ட் எழுத்துல ஒரு வரி, 2 மில்லிமீட்டர் சொச்சம். "இடம் இல்லை"ன்னு யாராவது சொன்னா ஸ்கேலை எடுத்துக் காட்டுங்க.

மிச்சம் 61 செட்

100 செட்ல 39 விநியோகம் ஆயிடுச்சு. மிச்சம் 61 டிபார்ட்மென்ட் பீரோவுல இருந்துச்சு. போன மாசம் ஒரு சனிக்கிழமை, நாங்க மூணு பேர் உட்கார்ந்து, 'படங்கள்'னு போட்டு அவ பேரோட ஒரு சின்ன ஸ்டிக்கர் அடிச்சு 61 பெட்டியிலும் ஒட்டினோம். கொஞ்சம் கோணல்மாணலாத்தான் இருக்கு. அடுத்த பிரிண்ட்ல 40 கார்டோட மூலையிலும் வர்ற மாதிரி ஃபைலை மாத்தி வெச்சாச்சு. ஏற்கெனவே வாங்கின 39 பேர்ல நீங்களும் ஒருத்தர்னா, பெட்டியை எடுத்துக்கிட்டு டிபார்ட்மென்ட்டுக்கு வாங்க, ஒட்டித் தர்றோம்.

இந்தக் கட்டுரையில அவ பேரைப் போடலாமான்னு கேட்டேன்.

"இதை எழுதினது நீங்கண்ணா, இதுல உங்க பேர் வரட்டும். நான் வரைஞ்சது கார்டு. அதுல இருந்தாப் போதும்"னுட்டா.